அப்பாவின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்த விதம்

யாழினிக்கும் தருணுக்கும் அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிடும்போது தருண் கேட்டான், "ப்பா, உன் தொண்டைல போட்ட குழாய எப்டிப்பா வெளிய எடுத்தாங்க?" நான் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "சும்மா இழுத்துட்டாங்கடா, ஒண்ணுமே தெரியல" என்றேன். அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்து, "புள்ளைங்ககிட்டயாவது உள்ளத சொல்லேன்" என்றாள். யாழினி, நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய்.

அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். டாக்டரம்மாவும் சிஸ்டரும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் உங்கள் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது நிமோனியா. நுரையீரலுக்குள் கிருமி புகுந்து சளியும் நீரும் கட்டிக்கொள்வது. காய்ச்சல் வந்தபிறகும் நாலு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அம்மா போகாதே என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. ஐந்தாவது நாள் காலையில் சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் வந்து நின்றது. முதல் படியில் கால் வைத்தேன். இரண்டாவது படிக்கு மூச்சு இல்லை. "ஏறுண்ணே, டைம் ஆவுது" என்று டிரைவர் சத்தம் போட்டார். நான் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் நுரையீரல் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். காற்று இருந்தால் கறுப்பு. எனக்கு இரண்டு பக்கமும் பாதிக்குமேல் வெள்ளையாக இருந்தது. ஆம்புலன்ஸ் வைத்து ஹைவேயில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு செல்லும் இடம் என்பதால் பில்லுக்காக அம்மா யாரிடமும் போய் நிற்க வேண்டி வரவில்லை. அந்த ஒரு நிம்மதி அவளுக்கு.

முதலில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். பத்தவில்லை. ஓடிவந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டே படுத்திருந்தேன், ஒரு நாள் முழுக்க. மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா அம்மாவைக் கூப்பிட்டு, "இவர் மூச்சு விட்டு விட்டே களைச்சுப் போயிட்டார்மா. இப்படியே விட்டா மூச்சை இழுக்கிற சதையெல்லாம் ஓய்ஞ்சுடும். அதுக்கு முன்னாடி மெஷின்ல வெச்சுடணும்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குத்தான் உங்கள் இரண்டு பேரையும் குன்றத்தூர் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினாள். அப்பாவுக்குக் காய்ச்சல், டிரிப்ஸ் ஏறுகிறது என்று மட்டும் உங்களிடம் சொன்னது எங்கள் இரண்டு பேரின் தப்புதான்.

அந்தக் குழாய் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாக விட்டு, குரல் வருகிற இடத்தைத் தாண்டி மூச்சுக்குழல் வரைக்கும் இறக்குகிறார்கள். அதன் நுனிக்கு மேலே ஒரு சின்ன பலூன். அதை ஊதிவிட்டால் குழாய் அசையாது, காற்றும் பக்கவாட்டில் ஒழுகாது. குரல்நாண்களுக்கு நடுவே குழாய் நிற்பதால் ஒரு எழுத்துகூடப் பேச முடியாது. மறுமுனையில் மெஷின். அது காற்றை உள்ளே தள்ளும், நெஞ்சு ஏறும், இறங்கும். நுரையீரலுக்கு வைத்தியம் பார்ப்பது மருந்துதான். மருந்து வேலை செய்கிற வரைக்கும் ஆளைப் பிடித்துவைப்பது மெஷினின் வேலை.

முதல் ஐந்து நாள் எனக்கு ஒன்றும் நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே ஹாலில் அந்த இரும்பு நாற்காலி வரிசைதான். செய்யாறிலிருந்து மாமனாரைக் கொண்டுவந்திருந்த ஒரு அக்கா, போன் சார்ஜ் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் சேர்த்துப் பாய் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாராம். ஒவ்வொரு தடவை ஐ.சி.யூ. கதவு திறந்து, "பேஷண்ட் அட்டெண்டர் யாருங்க?" என்று கேட்கும்போதும் ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்களாம். வேறு பேரைக் கூப்பிட்டதும் உட்காருவார்களாம். அம்மா அதைச் செய்து காட்டியபோது சிரித்தோம். அங்கே அவள் சிரித்திருக்க மாட்டாள்.

தினமும் காலையில் மயக்க மருந்தைக் குறைத்துப் பார்ப்பார்கள், ஆள் கண்ணைத் திறக்கிறானா, சொன்னதைச் செய்கிறானா என்று. ஆறாவது நாள் நான் விழித்தேன். ஆனால் ஆஸ்பத்திரி என்று தெரியவில்லை. தலைக்கு மேல் ஏதோ பீப் பீப் என்று அடித்தது. கம்பெனியில் இரும்புத் தகட்டை மெஷினில் அமுக்கி வளைக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் தகடு சிக்கிக்கொண்டால் அப்படித்தான் அடிக்கும். ஐயோ, லைன் நிற்கிறதே, யாரும் பார்க்கவில்லையே என்று நினைத்து, சிக்கியதை இழுக்கக் கையை நீட்டினேன். கையில் மாட்டியது என் வாயில் இருந்த குழாய்.

ஜெபா சிஸ்டர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டார். நாசரேத் பக்கத்துப் பெண். வயது இருபத்தைந்துகூட இருக்காது. "அண்ணே! அண்ணே! விடுங்க. இது ஆஸ்பத்திரி. உங்க உசுர இழுக்கியளே" என்று கத்தினார். உள்ளே பலூன் ஊதியபடி இருக்கும்போது இழுத்தால் குரல்நாண் கிழிந்துபோகலாம், மூச்சும் நின்றுபோகலாம் என்று பிறகு விளக்கினார். அன்றிலிருந்து மெத்தென்ற துணிப்பட்டையால் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். சாயங்காலம் வந்த அம்மா அந்தக் கட்டைப் பார்த்து அழுதாள். எனக்குக் கோபமில்லை. கட்டாவிட்டால் மறுபடியும் இழுத்திருப்பேன்.

ஏழாவது நாள் தெளிவாகவே இருந்தேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்கள் என் கால்மாட்டில் நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். எல்லாம் புரியவில்லை. இன்னும் சில நாளில் குழாயை எடுக்க முடியாவிட்டால் கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு விடவைப்பார்கள் என்பது மட்டும் புரிந்தது. அதைக் கேட்டதும் எனக்குள் ஒரே எண்ணம். எப்படியாவது இவர்கள் வைக்கிற டெஸ்டில் பாஸ் ஆகிவிட வேண்டும்.

அந்த டெஸ்ட் இதுதான். குழாயை எடுக்கிறதற்கு முன்னால், குழாய் உள்ளே இருக்கும்போதே மெஷினின் உதவியைக் குறைத்துவிடுவார்கள். ஆள் தானாக மூச்சு விட வேண்டும். தாங்கினால் எடுக்கலாம். தாங்காவிட்டால் மெஷினைப் பழையபடி வைத்து ஓய்வு கொடுத்து, மறுநாள் பார்ப்பார்கள். நீ சைக்கிள் பழகும்போது நான் கேரியரைப் பிடித்த கையை எடுத்துவிட்டுக் கூடவே ஓடிவருவேனே தருண், அந்த மாதிரி.

எட்டாவது நாள் காலை, முதுகைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். ஜெபா சிஸ்டர் சொன்னார், "அண்ணே, மெஷின் உதவிய இப்பம் கொறச்சிருக்கோம். நீங்களாத்தான் மூச்சு விடணும். அரை மணி நேரம் பாப்போம். நல்லா இருந்தா கட்டைவிரல தூக்குங்க. முடியலன்னா தலைய ஆட்டுங்க. என்ன, சரியா?"

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிரஸ் ஷாப்பில் காதை அடைத்துக்கொண்டுதான் வேலை. பேசினால் கேட்காது. சூப்பர்வைசர் நடைபாதையில் வரும்போது ஒவ்வொருவனையும் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்குவார், எல்லாம் சரியா என்று. நாங்களும் தூக்குவோம். இடுப்பு விட்டுப்போனாலும் தூக்குவோம், தலை சுற்றினாலும் தூக்குவோம். தூக்காவிட்டால் அந்த நிமிஷமே ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்றுவிடுவான். இவனால் முடியவில்லை என்று பேர் விழும். ஒருமுறை விழுந்த பேர் போகாது. பதினேழு வருஷமாக எனக்கு அந்தப் பழக்கம்.

பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு ஸ்ட்ரா வழியாக மூச்சு இழுக்கிற மாதிரி ஆனது. நெஞ்சுக்கூடு வலித்தது. "எப்டிண்ணே இருக்கு?" என்றார் சிஸ்டர். கட்டைவிரலைத் தூக்கினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் இருட்டியது. திரும்பவும் கேட்டார். திரும்பவும் தூக்கினேன். மூச்சை அடக்கி அடக்கி, சாதாரணமாக இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் மானிட்டரைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைக்கிறது. நெற்றியைத் தொட்டார், வேர்வை ஊற்றுகிறது. "டாக்டர், இவிய பொய் சொல்லுதாவ" என்று கூப்பிட்டார். டாக்டரம்மா வந்து பார்த்து, மெஷினைப் பழையபடி வைக்கச் சொன்னார். காற்று உள்ளே வந்தபோது, வெட்கமாக இருந்தாலும், அப்பாடா என்றிருந்தது.

டாக்டரம்மா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. "இதுல பாஸ், பெயில் எல்லாம் கிடையாது சார். இன்னிக்கு உங்க விரல நம்பி நான் குழாய எடுத்திருந்தா, ஒரு மணி நேரத்துல திரும்பப் போட வேண்டி வந்திருக்கும். அவசரத்துல திரும்பப் போடறது ரொம்ப ஆபத்து. மூச்சு முட்டறது உங்களுக்குத்தான் முதல்ல தெரியும், மெஷினுக்கு அப்புறம்தான் தெரியும். நீங்க சொன்னாத்தான் எனக்கு வேலை செய்ய முடியும்" என்றார்.

காலை பத்து நிமிஷத்துக்கு அம்மா வந்தாள். சிஸ்டர் நடந்ததைச் சொல்லிவிட்டார். அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேல? இது இன்னா உங்க கம்பெனியா? இங்க உனுக்கு பதிலா மூச்சு வுட ரிலீவர் எவன் கீறான்?"

பக்கத்துக் கட்டில் பேஷண்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. எழுத்து அட்டை ஒன்று இருந்தது, அ, ஆ என்று எல்லாம் பெரிதாக அச்சடித்தது. ஒரு கையை அவிழ்த்துவிட்டால் எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டலாம். நான் 'ஓட்டை' என்று காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஓட்டை போட்டா போடட்டும். போட்டவங்கோ எத்தினியோ பேரு திரும்ப மூடிக்கினு வூட்டுக்குப் போறாங்களாம். டாக்டரம்மா என்னாண்ட சொல்லிட்டாங்கோ. எனுக்கு நீ உசுரோட வந்தா போதும். கழுத்து நல்லா கீதான்னு எவன் பாக்கப் போறான்?"

அன்று முழுக்க நுரையீரலில் சேர்ந்திருந்த சளியை உறிஞ்சி எடுத்தார்கள். மெல்லிய குழாயைப் பெரிய குழாய்க்குள் விட்டு உறிஞ்சும்போது குடலே மேலே வருகிற மாதிரி இருமல் வரும். அதுதான் எனக்கு மொத்தத்தில் மிகவும் கஷ்டமான விஷயம். உடம்பில் தேவைக்கு மேல் இருந்த நீர் இறங்க ஊசி போட்டார்கள்.

ஒன்பதாவது நாள் மறுபடியும் டெஸ்ட். கால் மணி நேரத்தில் கரகர என்று சளி அடைத்தது. தலையை ஆட்டினேன். ஆட்டும்போது இன்றைக்கும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் சிஸ்டர் சளியை உறிஞ்சிவிட்டு, "இதத்தான சொல்லணும். இப்ப பாருங்க" என்றார். பார்த்தேன், லேசாகிவிட்டது. டெஸ்டும் நிற்கவில்லை. அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரமும் ஆனது. கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ஆக்சிஜன் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். சரியாக இருந்தது. ஒரு வெள்ளை அட்டையைக் குழாயின் வாய்க்கு நேரே பிடித்து இருமச் சொன்னார்கள். அட்டை நனைந்தது. குழாய் போனபிறகு சளியை நானே துப்ப வேண்டுமே, அதற்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

கடைசியாக ஒன்று. பலூனில் இருக்கிற காற்றை எடுத்துவிட்டு, குழாயைச் சுற்றிக் காற்று ஒழுகுகிறதா என்று டாக்டரம்மா காது வைத்துக் கேட்டார். ஒழுகினால் தொண்டையில் இடம் இருக்கிறது. ஒழுகவே இல்லை. இத்தனை நாள் குழாய் உரசி உரசித் தொண்டை வீங்கியிருந்தது. அப்படியே எடுத்தால் வீக்கம் வழியை அடைத்துக்கொள்ளும். "வீக்கம் வத்த ஊசி போடறேன். நாளைக்குக் காலைல எடுக்கலாம்" என்றார்.

எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் ஒரு நாள் காத்திரு என்கிறார்கள். கண்ணீர் வந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. சிஸ்டர் பஞ்சால் துடைத்துவிட்டார்.

பத்தாவது நாள் காலையில் மூக்குக்குழாய் வழியாகக் கொடுக்கிற கஞ்சியைக் கொடுக்கவில்லை. குழாயை எடுக்கும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடாதாம். மறுபடியும் கொஞ்ச நேரம் என்னைத் தானாக மூச்சு விடவைத்துப் பார்த்தார்கள். பலூனை இறக்கிக் கேட்டார்கள். இந்தத் தடவை புஸ்ஸென்று காற்று ஒழுகியது, எனக்கே கேட்டது. கட்டிலை நிமிர்த்தி நன்றாக உட்காரவைத்தார்கள். பக்கத்து டிராலியில் ஒரு புதுக் குழாய் பிரிக்காமல் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்ட டாக்டரம்மா, "தேவைப்படாது. ஆனா இல்லாம நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

முதலில் குழாயின் உள்ளேயும் வாயிலும் பலூனுக்கு மேலேயும் தேங்கியதை உறிஞ்சினார்கள். கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தார்கள், மீசையில் பாதி அதோடு போனது. "பெரிய மூச்சா இழுங்க. இன்னும். இப்ப இருமுங்க!" என்றார் டாக்டரம்மா. இருமினேன். அந்த இருமலோடு குழாயை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். தருண், இழுத்தது ஒரு நொடிதான். அதில் நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. தொண்டையில் ஒரு எரிச்சல், நீளமாக ஏதோ உருவிப்போகிற உணர்வு, அவ்வளவுதான். ஒன்றுமே தெரியவில்லை என்றேன் பார், அதுதான் பொய். அந்த ஒரு நொடிக்காக மூன்று நாள் ஆயிற்று.

உடனே ஆக்சிஜன் மாஸ்க் வைத்து, கைக்கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். "பேரு சொல்லுங்க" என்றார்கள். "மூர்த்தி" என்றேன். ஓட்டை டயரில் காற்றுப் போகிற சத்தம்தான் வந்தது. சிஸ்டர் கை தட்டினார். தண்ணீர் கேட்டேன். "இப்பம் கெடையாதுண்ணே, முழுங்கத் தெரியுதான்னு பாத்துட்டுத்தான்" என்று உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைத்தார்.

முக்கால் மணி நேரம் நன்றாக இருந்தேன். அப்புறம் தொண்டையில் யாரோ விரல் வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. முதலில் லேசாகத்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது கொய்ங் என்று ஒரு சின்னச் சத்தம். மானிட்டரில் எல்லாம் நன்றாகவே இருந்தது. சிஸ்டர் எதிர்க் கட்டிலில் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா வந்து நிற்பது தெரிந்தது, உள்ளே விடச் சொல்லி வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சிஸ்டரைக் கூப்பிட்டால் அவளை உள்ளே விடமாட்டார்கள். கூப்பிட்டால் அந்தப் புதுக் குழாயைப் பிரித்துவிடுவார்களோ என்று டிராலியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்க்கலாம், தானாகச் சரியாகிவிடும் என்று மனசு சொன்னது. பஸ் ஸ்டாப்பில் உட்காருகிற வரைக்கும் அதே மனசுதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டில் கம்பியை மோதிரத்தால் தட்டினேன். சிஸ்டர் திரும்பினார். "முடியல" என்றேன்.

சிஸ்டரும் டாக்டரம்மாவும் ஓடிவந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள், தொண்டையில் வைத்துக் கேட்டார்கள். டாக்டரம்மா, "வீக்கம்தான். சீக்கிரமே சொல்லிட்டீங்க, நல்லது" என்று சொல்லி, மருந்தைப் புகை மாதிரி ஆக்கி உள்ளே அனுப்பும் மாஸ்க்கை வைத்தார். இன்னொரு ஊசியும் போட்டார். அரை மணி நேரம் தலைமாட்டை விட்டு நகரவில்லை. கொய்ங் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது. டிராலியில் இருந்த குழாயைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவை உள்ளே விட்டார்கள். அவள் கிட்டே வந்து என் வாயைப் பார்த்தாள், வாயில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள்.

"இன்னா இது, பாதி மீசைய காணும்" என்றாள்.

நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதினாறு வருஷமாக அவளிடம் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் வந்தது வேறு.

"பயமா இருந்துச்சு, விஜயா. இப்பவும் இருக்கு."

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டு இல்லாத என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனுக்குந்தான்" என்றாள். "பேசாம இரு. தொண்ட வலிக்கும்."

அன்றைக்குப் பத்து நிமிஷம் முடிந்தும் ஜெபா சிஸ்டர் அவளை வெளியே அனுப்பவில்லை.